முகூர்த்தத்துக்கு முன் நழுவிய தாடை

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறங்கள். இன்னும் கொஞ்சம். விரலுக்கடியில் ஓர் உருண்டை முதலில் சுழல்கிறது, பிறகு வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடி வருகிறது, இல்லையா? இப்போது மூடுங்கள். போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போதும் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் அது இப்படித்தான் போய்ப் போய் வருகிறது. நாம் யாரும் அதற்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

எலும்பு மூட்டுத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்க்கிறபோதெல்லாம் எல்லோரும் முழங்காலையும் இடுப்பையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேசுங்கள், தப்பில்லை. நானும் ஓய்வு பெறும்வரை அவற்றோடுதான் மல்லுக்கட்டினேன். ஆனால் மூட்டு என்றால் என்ன, அதைத் தொடுகிற கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது அந்தச் சின்ன உருண்டைதான். கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் இல்லை. நோயாளி. அதுவும் வாயைத் திறந்தபடியே, ஒரு வார்த்தை பேசாமல் கற்றுக்கொடுத்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கிற லேடி டாக்டர் நான். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடம்பில் உள்ள மூட்டுகள் எல்லாவற்றின் பெயரும் தலைகீழாகத் தெரியும் என்ற மிதப்பு நிறைய இருந்தது. அங்கே நர்ஸாக இருந்தவரை வசந்தா சிஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர். எங்கள் வார்டில் அவர் சிரித்தால் வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு சிரிப்பு.

வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஏழுமலை. விழுப்புரம் ஜங்ஷன் யார்டில், பெட்டிகளைத் தடம் மாற்றி விடுகிற வேலை. விழுப்புரத்திலேயே ஒரு மண்டபத்தில் காலை முகூர்த்தம். நான் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கி, நேராக மணப்பெண் அறைக்குள் நுழைந்தேன்.

வசந்தா ஜடை நிறையப் பூவோடு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பயமா இருக்கு டாக்டர். எதுனா பேசுங்க."

பயத்தைப் போக்க வேண்டியது டாக்டரின் கடமை அல்லவா? நான் எங்கள் தலைமை மருத்துவரை நடித்துக் காட்டினேன். நல்ல மனிதர். ஆனால் நோயாளியின் முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது, நோயாளியின் கால் ஆடுவதற்கு முன்னால் இவருடைய கால் தூக்கிக்கொண்டு ஆடும். தனக்கே தெரியாமல் ஆடும். ஒருமுறை எதிரே நின்ற கம்பவுண்டருக்கு உதையே விழுந்தது. அங்கே இருந்த சீப்பைச் சுத்தியலாக வைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த உதையை நான் அப்படியே விட்டேன்.

வசந்தா சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து, மண்டபம் அதிரச் சிரித்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னொரு உதை விட்டேன். இப்போது சத்தமில்லாமல் சிரித்தார். மூன்றாவது உதை. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவர் கண்களைக் கவனித்தேன். அந்தக் கண்கள் சிரிக்கவில்லை.

"ஆ," என்றார். பிறகு இன்னும் பெரிதாக, "ஆ ஆ!"

தாடை நழுவிவிட்டது. அதை நழுவ விட்டவள் நான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவருக்கு முதலில் என்ன தோன்றும் என்று நினைக்கிறீர்கள்? எலும்பின் படமா? எனக்குத் தோன்றியது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் ஒருநாள் அப்படித் தோன்றும். அப்போது என்னை நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

எச்சில் வழிந்து அரக்குப் பட்டில் சொட்டியது. வசந்தாவின் அம்மா உள்ளே வந்தார். பார்த்ததும், "ஐயோ, எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சி!" என்று போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஓடி வந்தார். நல்ல உயரம், கனத்த வளையல்கள், எதற்கும் தயங்காத கை.

"இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு வாயத் தொறந்துக்கினு குந்திக்கினு கீது?"

"தாடை நழுவிடுச்சுங்க," என்றேன்.

"அவ்ளோதானா? எங்க ஊர்ல ஒருத்தனுக்கு இப்டிதான் ஆச்சி. ஓங்கி ஒரு அறை வுட்டாங்க, படக்குன்னு மூடிக்கிச்சி," என்றபடி அத்தை கையை ஓங்கிவிட்டார்.

நான் பாய்வதற்குள் வசந்தாவே அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்துவிட்டார். மணப்பெண் வாயைப் பிளந்துகொண்டு, மாப்பிள்ளையின் அத்தை கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். தாடை எலும்பு உடைந்து போகாமல் அன்றைக்குக் காப்பாற்றியது அந்தப் பிடிதான். அத்தை கையை உருவிக்கொண்டு, "பொண்ணுக்கு வலிப்பு கீது போல, மறைச்சிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

அந்த வார்த்தை மண்டபத்தை எத்தனை வேகமாகச் சுற்றிவரும் என்று எனக்குத் தெரியும். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். மணப்பெண் வாசலைத் தாண்டிவிட்டால் அந்தக் கல்யாணம் நடக்குமா என்பது வேறு கேள்வி. இங்கேயே முயற்சி செய்யலாமா?

அவசரத்திலும் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அடிபட்டதா? இல்லை. விழுந்தாரா? இல்லை. மோவாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா? இல்லை, நேராக இருக்கிறது. இரண்டு காதுக்கு முன்னாலும் விரல் வைத்துப் பார்த்தேன். உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். ஆகவே உடையவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் முன்னால் நழுவி நிற்கிறது. அடிபட்டிருந்தாலோ கோணியிருந்தாலோ முகூர்த்தம் போனால் போகட்டும் என்று காரில் ஏற்றியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அம்மாவைக் கதவருகே நிற்கச் சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த வசந்தாவின் முன்னால் போய் நின்றேன். புத்தகத்தில் படித்திருந்தேன். ஒருமுறை ஐந்து பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தும் இருந்தேன். மோவாயைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். வசந்தாவின் கண்ணில் தண்ணீர் குபுக்கென்று வந்தது. தாடை அசையவில்லை. வெளியே நாயனக்காரர் ஸ்ருதி சேர்க்க ஆரம்பித்தார். இன்னும் பலமாகத் தள்ளினேன். "ஆஆஆ!" என்றார் வசந்தா. கன்னத்துத் தசை கல்லாக இறுகிவிட்டது. நான் மூன்றாவது முறைக்குத் தயாரானேன்.

வசந்தா என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, என் கைகளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கட்டிலிலிருந்து இறங்கினார். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தார். முதுகையும் தலையையும் சுவரோடு சேர்த்துக்கொண்டார். என்னைப் பார்த்து, 'இப்போது புரிகிறதா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். புரிந்தது. கட்டிலில் இருந்தபோது அவர் தலை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது, பின்னால் பிடிமானமே இல்லை. நான் தள்ளியது தாடையை அல்ல, ஆளையே.

அடுத்து, மாலைத் தட்டை மூடியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டினார். தன் கட்டைவிரலைச் சுற்றுவதுபோல் செய்து காட்டினார். துணியைக் கிழித்து என் வலது கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். அவர் இரண்டு விரல்களை நீட்டினார். இரண்டாவது தடவை முயற்சி செய்யச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டினேன். அவர் மறுபடியும் இரண்டு விரல்களை நீட்டினார். நானும் மறுபடி தலையாட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். இவளிடம் இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று நினைத்திருப்பார்.

அப்புறம்தான் முக்கியமான பாடம். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்து மெல்லக் கீழே அமுக்கிக் காட்டினார். கீழே. இன்னும் கீழே. அங்கேயே நிறுத்தினார். அதற்கப்புறம்தான் கையைப் பின்னால் தள்ளினார். எனக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. அந்த உருண்டை ஒரு மேட்டைத் தாண்டி முன்னால் வந்து நிற்கிறது. நேராகப் பின்னால் தள்ளினால் மேட்டில் போய் முட்டும். முதலில் கீழே இறக்க வேண்டும். மேட்டுக்கு அடியில் வந்த பிறகு பின்னால் பலமாகத் தள்ளத் தேவையில்லை, அதுவே வீட்டுக்கு ஓடிவிடும். புத்தகத்தில் இதே வரியை நான் பச்சை மையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அடிக்கோடு போட்டால் கைக்குத் தெரிந்துவிடுமா?

கடைசியாக என் நெஞ்சைத் தொட்டு, மூச்சு விடு என்று சைகை காட்டினார். நானும் மூச்சு விட்டேன். அவரும் விட்டார். இரண்டு கைகளையும் மடியில் தளர்த்திப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

வெளியே, "பொண்ண அழைச்சிக்கினு வாங்க," என்று குரல் வந்தது. கதவைத் தட்டினார்கள். "வர்றோம், வர்றோம்," என்று அம்மா அழுகுரலில் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. கட்டைவிரல்களைக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்தேன், மற்ற விரல்களால் மோவாயைத் தாங்கினேன். கையால் அமுக்காமல், தோளிலிருந்து என் எடையை மெல்ல மெல்ல இறக்கினேன். தசை எதிர்த்தது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, காத்திருந்தேன். தட்டுகிற சத்தம் பலமானது. காத்திருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தத் தசை, பிடிவாதம் பிடித்த குழந்தை தூங்கிப்போவதுபோல், களைத்துத் தளர்வது விரலுக்குத் தெரிந்தது. மோவாயைத் துளி பின்னால் சாய்த்தேன்.

களுக்!

வாழ்க்கையில் எத்தனையோ மூட்டுகளை அதனதன் இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அந்தக் களுக்குக்கு ஈடு இல்லை. கூடவே இன்னொரு சத்தமும் வந்தது. அது என்னுடையது. துணி சுற்றாத என் இடது கட்டைவிரல், திரும்பி வந்த தாடையின் இரண்டு வரிசைப் பற்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

வசந்தா வாயிலிருந்து என் விரலை எடுத்துவிட்டார். பல்லைத் திறக்காமல் பேசிய முதல் வார்த்தைகள் இவை:

"ரெண்டு வெரலுக்கும் சுத்தணும்னு ரெண்டு தபா சொன்னேனே டாக்டர்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "சிரிக்கக் கூடாது!" என்று நான் அலறிக்கொண்டே அவர் மோவாயை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தேன். அவர் உடம்பெல்லாம் குலுங்கியது, வாய் மட்டும் மூடியிருந்தது. எனக்கு விரல் வலியில் அழுகை, நிம்மதியில் சிரிப்பு.

நான் இரண்டாவது தப்பைச் செய்தது அப்போதுதான். "சாப்பிடாம இருந்ததுல மயக்கம்னு சொல்லிடலாம் சிஸ்டர். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்," என்றேன்.

வசந்தா அம்மாவைப் பார்த்தார். "யம்மா, அவர வரச் சொல்லு."

"தாலி கட்றதுக்கு முன்னாடியா? அவங்க அத்த இன்னா பேசும் தெரியுமா? பேஜாராயிடும்டி!"

"ஒரு தபா நழுவுனது மறுபடியும் நழுவலாம். அது எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அவருக்குத் தெரிய வேணாமா? வரச் சொல்லு."

மூட்டைத்தான் நான் சரி செய்திருந்தேன். அந்த மூட்டோடு வாழப் போகிறவர் அவர். யாரிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்கிற உரிமை என்னுடையது இல்லை. இதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஏழுமலை மாலையோடும் நெற்றிப் பட்டத்தோடும் வந்து நின்றார். பின்னாலேயே அத்தை. வசந்தா தலைகுனியவில்லை. நேராக அவரைப் பார்த்து, பல்லுக்கிடையில் நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு வலிப்பு இல்ல. சிரிச்சேன், தாடை எறங்கிடுச்சி. டாக்டர் ஏத்தி வுட்டாங்க. மறுபடியும் எறங்குனாலும் எறங்கும். தெரிஞ்சிக்கினு தாலி கட்டுங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

ஏழுமலை என்னிடம் திரும்பினார்.

"உள்ள இன்னா ஆச்சிங்க?"

ஒரு கையைக் குழித்து, இன்னொரு கை முஷ்டியை அதில் வைத்துக் காட்டினேன். இது குழி, இது உருண்டை, முன்னால் இது ஒரு மேடு. உருண்டை மேட்டைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். அவர் குனிந்து என் கைகளையே உற்றுப் பார்த்தார்.

"அப்ப ஒடையல?"

"உடையலை."

"தடம் எறங்கிடுச்சி. கொஞ்சம் தூக்கி, நவுத்தி, தடத்துல வுட்டுட்டீங்க. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான். தூக்கி இல்லை, அமுக்கி."

"சரி, அமுக்கி," என்று திருத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்து வசந்தாவைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "யார்டுல எங்களுக்கு வேலையே இதானே! எறங்குனா ஏத்திக்கலாம். இதுக்கா இவ்ளோ நேரம் பயந்துக்கினு இருந்தீங்க?"

"டேய் ஏழுமல," என்று அத்தை ஆரம்பித்தார்.

"அத்த, ஜல்தியா போயி மோளத்த அடிக்கச் சொல்லு."

அத்தை என்னைப் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார், வீங்கிய என் கட்டைவிரலைப் பார்த்தார். "வலிப்பு இல்லன்னா சரிதான். நான் இன்னாத்தக் கண்டேன்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். வெளியே போய், மேளக்காரரை அவர் அதட்டிய அதட்டல் எங்களுக்குக் கேட்டது.

மேடைக்குப் போவதற்கு முன் வசந்தாவுக்குக் கட்டளைகள் போட்டேன். இரண்டு மூன்று வாரத்துக்கு வாயை அகலத் திறக்கக் கூடாது. கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுக்க வேண்டும். வடை கிடையாது, முறுக்கு கிடையாது, பாயசம் உண்டு. முக்கியமாகச் சிரிக்கக் கூடாது. எல்லாம் அவருக்கே தெரியும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வடை என்றபோது மட்டும் முகம் வாடியது.

சிரிக்கக் கூடாது என்று ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள், உலகத்தில் சிரிப்புக்கிடமில்லாத பொருளே இருக்காது. நான் விரலில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வலி குறைவதற்காகக் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்திருந்தேன். மேடையிலிருந்து பார்த்தால் நான் ஐயருக்குச் சபாஷ் சொல்வதுபோல் இருந்திருக்கும். வசந்தாவின் பார்வை அதில் விழுந்தது. அவ்வளவுதான். மோவாயை முஷ்டியால் தாங்கிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பெண் பிறந்த வீட்டைப் பிரியப் போகிறாள், அழுகிறாள் என்று மண்டபத்தில் பாதிப் பெண்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தையே குனிந்து, "அழுவாதம்மா, எங்கூட்ல ஒன்ன நல்லா பாத்துக்குவோம்," என்று முதுகைத் தடவினார். வசந்தாவின் தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது. ஏழுமலைக்கு மட்டும் விஷயம் தெரியும். தாலி முடிச்சு போடும்போது அவர் கையும் நடுங்கியது, சிரிப்பை அடக்கிய நடுக்கம்.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரர் முன்னால் வந்தார். கேமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள் என்று இருவரையும் நிறுத்தினார். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, மணப்பெண்ணிடம் சொன்னார்:

"இன்னாம்மா, அழுத மூஞ்சா கீது. கொஞ்சம் சிரிம்மா."

"வேணாம்!" என்று நானும், வசந்தாவின் அம்மாவும், அத்தையும் ஒரே குரலில் கத்தினோம்.

போட்டோக்காரர் மிரண்டு போய் எங்களைப் பார்த்தார். மண்டபமே பார்த்தது. வசந்தாவுக்கு அடக்கிய சிரிப்பெல்லாம் கண் வரைக்கும் ஏறிவிட்டது. அப்போது ஏழுமலை மாலையை ஒதுக்கிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டி, மனைவியின் மோவாய்க்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"இப்ப சிரி," என்றார். "நான் புடிச்சிக்கினு கீறேன்."